கூரையில் ஒரு தூசி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த்தில் சின்னம்மா வீட்டு வரவேற்பறையில் எனக்கு ஒரு சோதனை நடந்தது. சோதனை வைத்தவர் சின்னம்மா. சோதனைக்குப் போனது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு சிவப்பு வோல்ஸ்வேகன் பீட்டல் கார். மூன்று வாரம் உட்கார்ந்து நானே புதுப்பித்தது.

சின்னம்மா அதை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வலது கை ஆள்காட்டி விரல் முன்மூடியில் தொடங்கி, கண்ணாடி, கூரை, பின்பக்கம் என்று மெதுவாக ஊர்ந்தது. கதவுக்கு வந்தது. சக்கர வளைவுகளுக்குள் நுழைந்தது. பிறகு மறுபடியும் கூரைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"இங்க என்னமோ தூசி உட்கார்ந்திருக்கே, பாப்பா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே சின்னம்மா," என்றேன்.

பொய். தூசி இருந்தது. அது எனக்குத் தெரியும். அது விழாத கோணமாகப் பார்த்துப் படம் பிடித்துத்தான் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதயம் அனுப்பியிருந்தார்கள். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது, கடந்த மூன்று வருடமாக வெளிச்சத்தையும் நிழலையும் தவிர வேறு எதையும் பார்க்க முடியாத என் சின்னம்மா.

முதலில் இருந்து சொல்கிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தால் பத்து மணி வரை பேச்சு, சிரிப்பு, பாட்டு, சாலை நெரிசல், மறுபடியும் பேச்சு. பத்து மணிக்கு மேல் யாராவது "ஹலோ" என்றால்கூடப் பதில் சொல்லச் சோம்பலாக இருக்கும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வீட்டில் அடைந்து கிடந்த எல்லோரும் ரொட்டி சுட்டார்கள், செடி வளர்த்தார்கள். நான் ஒரு தாமியா பெட்டி வாங்கினேன். 1/24 அளவில் ஒரு பிளாஸ்டிக் கார். பாகங்களை நிப்பரால் வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணமடித்துச் சேர்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று அம்மாவே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று.

தாமியாவைப் பற்றி ஒரு வரி. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்தில் 1946-இல் மரக்கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. மரத்தில் கப்பல் மாதிரிகள் செய்து, 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு நேராக 1/24 பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். பசையும் பெயிண்டும் இல்லாமல் அழுத்திப் பொருத்தும் மினி 4டபிள்யூடி கார்கள் 1982 முதல் இருக்கின்றன. சின்ன மோட்டார், இரண்டு பேட்டரி, ஒரு மணி நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும். அப்பாமார்களுக்கும் பெரும்பாலும் அதுவே போதும்.

நான் பிளாஸ்டிக்கை விட்டு உலோகத்துக்கு மாறியதற்குக் காரணம் ஒரு பழைய பிஸ்கட் டின். போன வருடம் வீடு மாறியபோது கிடைத்தது. உள்ளே ரப்பர் பேண்டுகள், தமிழ்ப்பள்ளிப் பேட்ஜ், ஐந்து காசு நாணயங்கள், ஒரு சிவப்பு பீட்டல். கூரையில் பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. முன் அச்சு வளைந்து, காருக்குக் கால் சுளுக்கியது போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது வந்த தீபாவளி. அண்ணன்கள் இரண்டு பேருக்கும் கார், எனக்கு ஒரு பொம்மையும் கண்ணாடி வளையலும். நான் அழவில்லை, ஆனால் சாப்பிடவில்லை. மத்தியானம் பட்டர்வொர்த்திலிருந்து சின்னம்மா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாலையில் தனியாகக் கடைக்குப் போய், இந்த பீட்டலை வாங்கி வந்து கையில் வைத்தார். பிறகு அதைக் கவிழ்த்து, அடித்தட்டில் இருந்த எழுத்தை நகத்தால் காட்டினார். "படி, என்னா போட்டிருக்கு?" மலேசியா என்று போட்டிருந்தது. "நாங்கதான் செய்யுறோம். உலகம் பூரா இருக்கிற பிள்ளைங்க இதைத்தான் உருட்டுது."

சின்னம்மா அப்போது பிறையில் பொம்மைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். உங்கள் வீட்டில் ஹாட் வீல்ஸ் கார் ஒன்று கிடந்தால் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் "மலேசியா" என்றுதான் இருக்கும். பினாங்கு மாநிலத்தில் செய்தவை. அமெரிக்காவில் ஒருவர் ஆயிரக்கணக்கில் சேர்த்துச் சுவரில் மாட்டி வைத்து, இது அமெரிக்கக் குழந்தைப் பருவம் என்று பெருமையாகச் சொல்லும் காணொலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அதில் பாதியை யார் கை தொட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்தச் சின்னக் கார்களின் கதையே வேடிக்கையானது. லண்டனில் லெஸ்னி என்ற நிறுவனத்தில் ஜாக் ஓடெல் என்று ஒரு பொறியாளர். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமான் மட்டும்தான் கொண்டுவரலாம் என்று ஒரு விதி. அப்பா உடனே பித்தளையில் குட்டியாக ஒரு சாலை உருளை வண்டி செய்து, தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். மற்ற பிள்ளைகள் எல்லோரும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். 1953-இல் 'மேட்ச்பாக்ஸ்' பிறந்தது. அதே வருடம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்காக அந்த நிறுவனம் செய்த குட்டி ரதம் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஹாட் வீல்ஸ் வந்தது 1968-இல். முதல் வருடம் 16 கார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர் மேட்டல் நிறுவனத்தின் எலியட் ஹேண்ட்லர். அவருடைய மனைவி ரூத் ஹேண்ட்லர்தான் 1959-இல் பார்பி பொம்மையைக் கொண்டுவந்தவர். வீட்டுக்காரம்மா பொம்மை, வீட்டுக்காரர் கார். நம் வீட்டுத் தீபாவளிப் பிரிவினை அந்த ஒரே வீட்டில் இருந்து கிளம்பியதோ என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு. கடைசியில் இரண்டு நிறுவனமும் ஒன்றாகிவிட்டன. 1997-இல் மேட்ச்பாக்ஸும் மேட்டல் கைக்குப் போய்விட்டது.

சரி, பீட்டலுக்கு வருவோம்.

இதைப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசித்தேன். சேகரிப்பவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள், தொடாதே என்று. பழைய காரின் மதிப்பு அதன் அசல் பெயிண்டில் இருக்கிறது. மீண்டும் வண்ணமடித்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், விலை இறங்கும். அவர்கள் சொல்வது நியாயம்தான். தாத்தா காலத்து டிங்கி கார் யாராவது வைத்திருந்தால் தயவுசெய்து என்னிடம் கொண்டுவராதீர்கள். ஒரு நல்ல கண்ணாடி அலமாரியில் வையுங்கள். அதிலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களுக்கு ஒரு நோய் உண்டு. இந்தக் கார்களின் உடம்பு துத்தநாகக் கலவை. அந்தக் காலத்தில் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து, மேற்பரப்பில் கீறல் விட்டு, கடைசியில் காய்ந்த பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது.

என் பீட்டல் அந்த வகை இல்லை. ஆயிரக்கணக்கில் செய்த கார். விலை பார்க்க ஒன்றும் இல்லை. எனக்கு அது மறுபடியும் நேராக உருள வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வேலை, பிரிப்பது. இந்தக் கார்களில் திருகாணி இருக்காது. உடம்பிலிருந்து இறங்கும் இரண்டு சின்னத் தூண்களின் நுனியை அடித்தட்டின் மேல் நசுக்கி ரிவெட் போட்டிருப்பார்கள். ரிவெட்டின் நடுவில் ஆணியால் ஒரு புள்ளி குத்திக்கொண்டு, டிரில்லை மெதுவாக ஓட்டி, அந்தத் தலையை மட்டும் எடுக்க வேண்டும். முதலில் மெல்லிய பிட், பிறகு மூன்று மில்லிமீட்டர். அவசரப்பட்டால் பிட் வழுக்கி அடித்தட்டைக் கிழிக்கும். இல்லையென்றால் விரலை. என் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது, அடுத்த முறை சந்தித்தால் காட்டுகிறேன்.

தலை போனதும் கார் நான்கு துண்டாகக் கையில் வரும். உடம்பு, கண்ணாடி, இருக்கைத் தட்டு, சக்கரத்தோடு அடித்தட்டு. அவ்வளவுதானா என்று இருக்கும். அவ்வளவுதான்.

பிறகு பெயிண்டை எடுப்பது. ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் ரிமூவர் என்று கேட்டால் தருவார்கள். கையுறை கட்டாயம். வீட்டுக்குள் செய்யக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றினால் டப்பா முதலில் கரையும், கண்ணாடிப் போத்தல் வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். உடம்பை அதில் போட்டுச் சில நிமிடம் பொறுத்தால், சிவப்புப் பெயிண்ட் கொதித்த பாலின் ஆடை போலச் சுருங்கி எழும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் சாம்பல் நிற உலோகம்.

போத்தலுக்குள் அந்தப் பெயிண்ட் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன அச்சு இருந்தது. அது போய்க்கொண்டிருந்தது. சின்னம்மா வேலை செய்தது அச்சுப் பிரிவில். கோடு கோணலா, மை மங்கலா, தள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, நல்லதை நகர்த்தி, கெட்டதைத் தனியே வைக்கிற வேலை. இந்த பீட்டல் அவர் கண் பார்த்து அனுப்பியதாகவே இருந்திருக்கலாம். முப்பது வயதைத் தாண்டியும் இதை யோசிக்காமல் போத்தலில் தூக்கிப் போட்டிருக்கிறேன். இடுக்கியால் அவசரமாக வெளியே எடுத்தேன். ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டது. மறுபக்கம் பாதி. திரும்பப் போட்டுவிட்டேன். வேறு என்ன செய்வது?

அன்றைக்கே சின்னம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சின்னம்மாவுக்கு இனிப்பு நீர். ரொம்ப வருடமாக. மாத்திரை போட்டார், ஆனால் கண்ணைப் போய்ப் பார்க்கவில்லை. "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்பார். அதுதான் இந்த நோயின் தந்திரம். விழித்திரையில் இருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது வலிக்காது, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. தெரிய வரும்போது உள்ளே இரத்தம் கசிந்திருக்கும். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். (உங்கள் வீட்டில் இனிப்பு நீர் இருக்கிறவர் யாராவது இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துவிடுங்கள். நான் வானொலியில் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.)

அதற்குப் பிறகு நான் சின்னம்மாவைப் பார்க்கப் போனது இரண்டு முறை. மூன்று வருடத்தில் இரண்டு முறை. நாள் முழுவதும் முகம் தெரியாதவர்களோடு பேசிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, என்னை வளர்த்த ஒருத்தரோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. முதல் தடவை போனபோது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டப் போய், பாதியில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவருக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். தெரிந்திருக்கும்.

ஆக, பீட்டலை நான் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தேன். வெற்று உலோகத்தை மணல்தாளில் தேய்த்து, கழுவி, சாம்பல் பிரைமர் அடித்து, அதன் மேல் சிவப்பு. இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை. யூடியூப்பில் பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் காலையில் எழுந்து ஸ்பிரே அடிக்கிறார்கள், பளபள என்று காய்கிறது. நான் அதே மாதிரி காலையில் அடித்தேன். சிவப்பின் மேல் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் படலம். என்ன என்று தேடினால், ஈரப்பதம். பெயிண்டில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்த இடத்தில் காற்றில் இருக்கும் ஈரம் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அதனால் மழைக்கு முன்னால், வெயில் நன்றாக ஏறிய மத்தியானம்தான் நம்முடைய நேரம். பத்து மணிக்கு வேலை முடிகிற எனக்கு அது வசதி.

இன்னொன்று, தடிமன். உண்மையான பீட்டலின் நீளம் நான்கு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், 4.07 மீட்டர். அதை 64-ஆல் வகுத்தால் 6.4 சென்டிமீட்டர். இந்த வகைக் கார்களை 1/64 என்று சொல்வதன் பொருள் அதுதான். (ஹாட் வீல்ஸ்காரர்கள் இதில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. லாரியும் பீட்டலும் ஒரே அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சுருக்கி ஒன்றை இழுத்துவிடுவார்கள்.) இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். 0.2 மில்லிமீட்டர் அளவில் ஒரு தூசி பெயிண்டில் விழுந்தால், உண்மையான காரில் அது கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர். கூரையில் ஒரு கொண்டைக்கடலையை ஒட்டி, அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டு, இது புது கார் என்று விற்கிற மாதிரி. அதனால் மெல்லிசாக மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து மூடி வைக்க வேண்டும். மூன்றாவது முறை அடித்தபோது போன் வந்தது. டின்னை மூட மறந்தேன். அந்தக் கொண்டைக்கடலை அப்போது விழுந்ததுதான்.

போனில் வந்தது சின்னம்மா. அம்மா சொல்லியிருக்கிறார், உன் மகள் மாதிரி ஒருத்தி பழைய காடியை எடுத்து வைத்துக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறாள் என்று.

"எத்தனை கோட்டு அடிச்ச?"

நலமா என்றுகூடக் கேட்கவில்லை. நான் சொன்னேன். "கீழ பிரைமர் போட்டியா? ஓரத்துல பெயிண்ட் தேங்கியிருக்கும் பாரு, சக்கர வளைவுல. அங்கதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க." பிறகு அச்சு எப்படி விழும் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். தகட்டில் செதுக்கிய பள்ளத்தில் மை இருக்கும். மெத்தென்ற சிலிக்கோன் திண்டு ஒன்று அதை ஒற்றி எடுத்து, அப்படியே காரின் மேல் போய் ஒற்றும். வளைவான இடத்திலும் திண்டு வளைந்து கொடுக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஒற்று. மூன்று நிறம் என்றால் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். முடி அளவு தள்ளினாலும் விளக்குக்கு வெளியே விளக்கு தெரியும். "நான் கண்ணை மூடினா இன்னும் அதான் ஓடும் பாப்பா. கோடு கோடா."

நாற்பது நிமிடம் பேசியிருக்கிறோம். பேசியது அவர். நான் "ம்" கொட்டினேன். போனை வைக்கும் முன்னால், அந்த அச்சு போனதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் பார்த்து அனுப்பியதாக இருந்திருக்கலாம், நான் அழித்துவிட்டேன் என்று. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. பிறகு சிரிப்புச் சத்தம்.

"அடியே, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை காடி போகும் தெரியுமா உனக்கு? நான் பார்த்ததுன்னு பேரா எழுதியிருக்கு? முடிச்சுட்டுக் கொண்டா. நான் பார்க்குறேன்."

பார்க்கிறேன் என்றுதான் சொன்னார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை இ.டி.எஸ். ரயிலில் பீட்டலைப் பஞ்சு சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். சோதனையில் தோற்ற கதையைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். கூரையில் தூசி. வலது பின்சக்கர வளைவில் பெயிண்ட் தேக்கம். அதையும் விரல் கண்டுபிடித்துவிட்டது. "இதைத் தனியா வைக்கணும்" என்று, அந்த காலத்தில் கெட்டதை ஒதுக்குவது போலவே மேசையின் இடது ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். பொய் சொன்னதை ஒத்துக்கொண்டேன். "தெரியும். குரலு மேல போச்சு" என்றார். ஒலிபரப்பாளருக்கு இதைவிட அவமானம் உண்டா?

ஊருக்குத் திரும்பி இரண்டாயிரம் எண் மணல்தாளைத் தண்ணீரில் நனைத்து, கூரையை மட்டும் வட்டமாகத் தேய்க்கப் போனேன். தூசி போனது, அதோடு பெயிண்டும் போய் பிரைமர் எட்டிப் பார்த்தது. ஆக, மறுபடியும் போத்தல், மறுபடியும் பல் துலக்கி, முதலில் இருந்து. இந்த முறை கைப்பேசியை அணைத்து அடுத்த அறையில் வைத்தேன். கண்ணாடித் துண்டில் இருந்த கீறல்களுக்குப் பற்பசை தடவிப் பஞ்சால் தேய்த்தேன். நம்ப மாட்டீர்கள், கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. வளைந்த அச்சை இடுக்கியால் நிமிர்த்தினேன். ரிவெட் போன தூண்களில் துளை போட்டு, மரை வெட்டி, இரண்டு மில்லிமீட்டர் திருகாணி மாட்டும்படி செய்தேன். பக்கவாட்டு அச்சைத் திரும்பக் கொண்டுவர முயலவில்லை. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் தாளில் யாரையாவது அச்சடித்துத் தரச் சொல்லலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றவில்லை. வெறும் சிவப்பாகவே விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை மறுபடியும் பட்டர்வொர்த். இந்தத் தடவை காரைப் பூட்டாமல் துண்டு துண்டாகவே கொண்டுபோனேன். சின்னம்மா உடம்பை மட்டும் வாங்கி விரலை ஓட்டினார். முன்மூடி, கூரை, வளைவு நான்கும். இரண்டு சுற்று. ஒன்றும் சொல்லாமல் மேசையின் வலது பக்கத்தில் வைத்தார்.

பிறகு மற்ற துண்டுகளைக் கேட்டார். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை உடம்புக்குள் கவிழ்த்துப் போட்டார், இருக்கைத் தட்டை வைத்தார், அடித்தட்டைச் சக்கரத்தோடு மேலே பொருத்தினார். நான் உதவப் போன கையைத் தட்டிவிட்டார். திருகாணியை மட்டும் என்னை முடுக்கச் சொன்னார். அதற்குள் சித்தப்பா தே ஆ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் கம்பெனி தொறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சின்னம்மா காரை மேசையில் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, என் பக்கமாக உருட்டிவிட்டார். அது நேராக வந்து என் கையில் முட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் திருப்பி உருட்டினேன். அவர் பிடித்து, மறுபடியும் உருட்டினார். மூன்று முறை. நான் பேசப் போனேன். "ஷ்" என்றார். காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னால, இடது சக்கரம். உரசுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காரை எடுத்துக் காதருகே வைத்து, சக்கரத்தை விரலால் சுண்டினேன். இருந்தது. மணல் துகள் அரைபடுகிற மாதிரி, மிக மெல்லிய ஒரு சத்தம்.

"அடித்தட்டு லேசா தூக்கிக்கிட்டு நிக்குது போல," என்றார் சின்னம்மா. "கழட்டு. மறுபடியும் போடலாம்."

திருகாணி முடுக்கியைத் தேடினேன். அவர் ஏற்கெனவே கையில் எடுத்து வைத்திருந்தார்.